எண்ணெய் வடிகட்டி இயந்திரத்தை எவ்வளவு காக்கும்?



முன்னாளில் எருதும் துலாவும் கமத்தின் பலமாயிருந்தன. எருது களைத்தால் அதன் நடையிலேயே அது தெரியும். அவிழ்த்து நிழலிற் கட்டி, நீர் காட்டி, வைக்கோல் இடுவோம். இன்று வயலை உழுவதும், கிணற்று நீரை இறைப்பதும், நெல்லைப் பிரித்தெடுப்பதும் பெரும்பாலும் இயந்திரமே. இயந்திரம் தேய்வது கண்ணுக்குத் தெரிவதில்லை. அது தெரியவரும் நாளோ வேலை மிகுந்த நாளாகவே அமைந்துவிடுகின்றது. வெங்காயம் பருக்கும் தறுவாயில் இறைப்பு இயந்திரம் நின்றால் பயிர் காத்திருக்காது. வாய்க்காலில் நீர் வந்தபின் உழவு இயந்திரம் நின்றால் நீர் முறை காத்திருக்காது. திருத்தச் செலவோ சிறிதன்று. 2022ஆம் ஆண்டில் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டபோது உதிரிப்பாகங்களின் விலை எவ்வாறு ஏறிற்று என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஆகவே இயந்திரத்தைத் தேயாமற் காப்பது எவ்வாறு என்பது ஒவ்வொரு கமக்காரரும் அறிந்திருக்க வேண்டிய விடயமாகும். இதுபற்றிப் பேசும்போது, “ஒயில் பில்டரை ஒழுங்காக மாற்றுகிறேன், இனி இயந்திரத்துக்கு என்ன குறை வரப் போகிறது?” என்று சிலர் கூறுவர். “அது வெறுங் கடதாசிதானே; அதற்கு ஏன் வீணாகக் காசு?” என்று வேறு சிலர் கூறுவர். இவ்விரு கூற்றிலும் பாதி உண்மையே உண்டு. எண்ணெய் வடிகட்டி எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதை விளக்குவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

தேய்வு எவ்வாறு உண்டாகின்றது

இயந்திரத்தினுள்ளே பிஸ்டன் சிலிண்டரில் மேலுங் கீழும் ஓடுகின்றது. கிராங் தண்டு பெயரிங்குகளிற் சுழலுகின்றது. இவ்விடங்களில் உலோகமும் உலோகமும் நேரே தொடாதவாறு நடுவில் எண்ணெய் ஒரு மெல்லிய படையாக நிற்கின்றது. இப்படை எவ்வளவு மெல்லியது தெரியுமா? ஒரு மில்லிமீற்றரை 1,000 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்கிரோன் எனப்படும். தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்கிரோன். கண்ணால் நாம் காணக்கூடிய மிகச் சிறிய துகள் ஏறக்குறைய 40 மைக்கிரோன். பாரம் ஏறிய வேளையிற் பெயரிங்கிலுள்ள எண்ணெய்ப் படையோ சில மைக்கிரோன் மாத்திரமே.

இப்படையின் தடிப்பிலும் சிறிய துகள் எண்ணெயோடு வழுகிச் சென்றுவிடும். அதனாற் பெருங் கேடில்லை. மிகப் பெரிய துகள் இடுக்கினுள் எளிதிற் புகாது. படையின் தடிப்போடு ஒத்ததாகவோ சற்றுப் பெரிதாகவோ உள்ள துகளே இரு பக்கத்து உலோகத்தையும் ஒருங்கே தொட்டுக் கீறும். எனவே 5 முதல் 20 மைக்கிரோன் வரையான துகள்களே பெருங் கேடு செய்வன. இவை நம் கண்ணுக்குத் தெரியாதவை. எண்ணெயைக் கையில் ஊற்றிப் பார்த்து “தெளிவாக இருக்கிறதே” என்று கூறுவதாற் பயனில்லை என்பதை இதனால் அறியலாம்.

இத்துகள்கள் எங்கிருந்து வருகின்றன? மூன்று வழிகள் உண்டு. முதலாவது, காற்றோடு உள்ளே செல்லும் புழுதி. மண்ணிலுள்ள மணற்சத்து இரும்பிலும் கடினமானது. ஆகவே அது இரும்பை அராவும். இரண்டாவது, இயந்திரமே தேய்ந்து உதிர்க்கும் உலோகத் தூள். ஒரு துகள் கீறிய இடத்திலிருந்து பத்துத் துகள் உதிரும். அவை மீண்டுங் கீறும். மூன்றாவது, எரிபொருள் எரிவதால் உண்டாகும் கரி.

வடிகட்டி செய்யும் வேலை

மோட்டார் வாகனங்களின் தொடக்க காலத்தில் எண்ணெய் வடிகட்டி இருக்கவில்லை. எண்ணெயை அடிக்கடி ஊற்றிவிட்டுப் புதிது இடுவதே வழக்கமாயிருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் ஏர்னஸ்ற் சுவீற்லண்ட் என்பார் 1923ஆம் ஆண்டளவில் ஆக்கிய வடிகட்டியே வாகனங்களிற் பரவலாயிற்று. அக்காலத்து வடிகட்டிகள் எண்ணெயில் ஒரு பங்கை மாத்திரமே வடித்தன. இக்காலத்து நான்கு சில்லு உழவு இயந்திரங்களில் எண்ணெய் முழுவதும் வடிகட்டியினூடாகவே செல்கின்றது.

அதன் வழி பின்வருமாறு: எண்ணெய்த் தொட்டியிலிருந்து பம்பி எண்ணெயை உறிஞ்சுகின்றது. பம்பி அதனை வடிகட்டிக்குத் தள்ளுகின்றது. வடிகட்டியினுள்ளே மடிப்பு மடிப்பாக மடித்த தடித்த கடதாசி உண்டு. மடித்திருப்பதாற் சிறிய தகரத்தினுள்ளே பெரிய பரப்பு அடங்குகின்றது. எண்ணெய் இக்கடதாசியின் வெளிப்பக்கத்திலிருந்து உட்பக்கம் புகுந்து, பின்னர் பெயரிங்குகளுக்குச் செல்கின்றது. துகள்கள் கடதாசியிலே தங்கிவிடுகின்றன.

கடதாசி அரிதட்டுப் போன்றதன்று. அரிதட்டின் கண்கள் யாவும் ஒரே அளவின. கடதாசியிலோ நார்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும். ஆகவே ஒரு வடிகட்டி 40 மைக்கிரோன் துகளிற் பெரும்பாலானவற்றைப் பிடிக்கும். 20 மைக்கிரோன் துகளிற் பலவற்றைப் பிடிக்கும். 10 மைக்கிரோன் துகளிற் சிலவற்றையே பிடிக்கும். ஆனால் எண்ணெய் ஒருமுறை மாத்திரம் வடிகட்டியினூடு செல்வதில்லை. இயந்திரம் ஓடும்வரை திரும்பத் திரும்பச் செல்கின்றது. முதல் முறை தப்பிய துகளில் ஒரு பங்கு அடுத்த முறை பிடிபடும்.

எவ்வளவு பாதுகாப்பு உண்டு?

இதனை அளந்து பார்த்தோர் உளர். ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியைச் சேர்ந்தோர் செய்த சோதனைகளின் முடிவு 1988ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 40 மைக்கிரோன் வடிகட்டியோடு ஓடிய இயந்திரத்தின் தேய்வை 100 எனக் கொண்டால், 30 மைக்கிரோன் வடிகட்டியோடு ஓடியபோது தேய்வு ஏறக்குறைய 50 ஆயிற்று. 15 மைக்கிரோன் வடிகட்டியோடு ஓடியபோது ஏறக்குறைய 30 ஆயிற்று. அஃதாவது நுண்ணிய வடிகட்டி தேய்வை மூன்றில் ஒரு பங்கிலும் குறைவாக்கிற்று.

வடிகட்டி வெறுங் கடதாசியன்று என்பதற்கு இதுவே போதிய சான்றாகும். ஆயினும் இவ்வெண்களை வாசிக்கும்போது ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். தேய்வை விரைவில் அளப்பதற்காக அச்சோதனையில் எண்ணெயினுள் வேண்டுமென்றே புழுதி சேர்க்கப்பட்டது. உங்கள் இயந்திரத்தின் எண்ணெயினுள் புழுதி புகாதிருந்தால், ஒரு நல்ல வடிகட்டிக்கும் மற்றொரு நல்ல வடிகட்டிக்கும் இடையிலுள்ள வேறுபாடு அவ்வளவு பெரிதாயிராது. எனவே எந்த வடிகட்டி சிறந்தது என்று ஆராய்வதிலும், புழுதி உள்ளே எவ்வாறு புகுகின்றது என்று ஆராய்வதே முதல் வேலையாகும்.

“அப்படியாயின் மிக மிக நுண்ணிய வடிகட்டியைப் பூட்டினால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். நுண்ணிய கடதாசியினூடாக எண்ணெய் செல்வது கடினம். அது விரைவில் அடைபட்டும் போகும். பெயரிங்குக்கு அழுக்கெண்ணெய் கேடு. எண்ணெயே இல்லாமை அதனிலும் பெருங்கேடு. ஆகவே இயந்திரத்தைச் செய்தோர் அதன் பம்பிக்கு ஏற்ற அளவையே தெரிந்தெடுத்திருப்பர். அவர் குறித்த வடிகட்டியையே பூட்டுக.

அடைபட்ட வடிகட்டி செய்வது யாது?

வடிகட்டி முற்றாக அடைபட்டால் இயந்திரம் எண்ணெயின்றி இறுகிப் போகுமன்றோ? அதனைத் தடுப்பதற்காக வடிகட்டியிலோ அது பூட்டும் இடத்திலோ ஒரு சிறு வால்வு வைக்கப்பட்டுள்ளது. கடதாசியினூடாக எண்ணெய் செல்ல முடியாதபோது இவ்வால்வு திறந்து, எண்ணெயை வடிக்காமலே பெயரிங்குக்கு அனுப்பும். காலைக் குளிரில் எண்ணெய் தடித்திருக்கும்போதும் இது சிறிது நேரம் திறக்கலாம்.

இதனாற் பெறப்படுவது யாதெனில், வடிகட்டியை மாற்றாது விட்டால் இயந்திரம் உடனே நிற்பதில்லை. முன்போலவே ஓடும். எண்ணெய் விளக்கும் எரியாது. ஆனால் அன்றிலிருந்து அழுக்கெண்ணெயே உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். “இரண்டு போகம் மாற்றவில்லை, ஒன்றும் நடக்கவில்லையே” என்போர் இதனை அறிதல் வேண்டும். நடந்தது உள்ளே நடந்துகொண்டேயிருக்கின்றது.

வடிகட்டியால் ஆகாதவை

1. கரி. டீசல் எரிவதால் உண்டாகும் கரித்துகள் ஒரு மைக்கிரோனிலும் சிறியது. கடதாசி அதனைப் பிடிக்காது. புதிய எண்ணெய் இட்டுச் சில மணித்தியாலங்களில் அது கறுத்துவிடுவது இதனாலேயே. கறுத்தமை வடிகட்டியின் குற்றமன்று. கரியைத் தன்னுட் கலந்து வைத்திருக்கும் எண்ணெயின் குணமே அது. ஆனால் எண்ணெய் தாங்கக்கூடிய கரிக்கு ஓர் எல்லை உண்டு.

2. நீர். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கின்றது என்பது பொருள். வடிகட்டி அதனைப் போக்காது. இயந்திரத்தை ஓட்டாது நிறுத்திக் காரணத்தை அறிக.

3. எரிபொருள். பெற்றோலிற் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டும் இறைப்பு இயந்திரங்களில் இது பெரும்பாலும் நிகழ்வது. இயந்திரம் நன்கு சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் நீர்த்துப் போகும். எண்ணெய் அளக்கும் கம்பியில் மட்டம் குறையாது ஏறியிருந்தாலும், மண்ணெண்ணெய் மணம் வீசினாலும் உடனே எண்ணெயை மாற்றுக. நிறுத்துவதற்குச் சிறிது முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓட்டி நிறுத்துதல் நன்று.

4. எண்ணெயின் முதுமை. எண்ணெயிற் சேர்க்கப்பட்டுள்ள காப்புப் பொருள்கள் வேலை செய்யச் செய்யக் குறைந்து போகும்; புளிப்புத் தன்மை கூடும். வடிகட்டி எண்ணெயைத் துப்புரவாக்குமேயன்றி இளமையாக்காது. வடிகட்டியை மாத்திரம் மாற்றிப் பழைய எண்ணெயை விட்டுவைத்தல், கறியைப் புதுச் சட்டியில் ஊற்றிவிட்டுப் புதுக்கறி என்பது போலாகும்.

5. காற்றோடு வரும் புழுதி. இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. இதனைத் தனியாக விளக்குவோம்.

புழுதி முதலிற் செல்வது எண்ணெய்க்கன்று

ஒரு லீற்றர் டீசலை எரிப்பதற்கு இயந்திரம் 10,000 லீற்றருக்கு மேற்பட்ட காற்றை உறிஞ்சுகின்றது. நாளொன்றுக்கு 20 லீற்றர் டீசல் எரித்தால் அது உறிஞ்சும் காற்று இரண்டு லட்சம் லீற்றருக்கு மேலாகும். மானாவாரி வயலிற் புழுதி விதைப்புக்காக உழும்போது உங்கள் சட்டையும் தலையும் எவ்வாறு ஆகின்றன என்பதை நீங்களே அறிவீர்கள். அதே காற்றையே இயந்திரமும் மூச்செடுக்கின்றது.

இப்புழுதி செல்லும் வழியைப் பாருங்கள். காற்று வடிகட்டியைத் தப்பிய புழுதி முதலிற் சிலிண்டரினுள் செல்லும். அங்கே பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர்ச் சுவரையும் அராவும். அராவியபின் எஞ்சியதே எண்ணெயோடு கலந்து கீழே இறங்கும். அதன் பின்னரே பம்பி அதனை எடுத்து எண்ணெய் வடிகட்டிக்கு அனுப்பும். அஃதாவது, எண்ணெய் வடிகட்டி புழுதியைப் பிடிக்கும் வேளையில் அப்புழுதி சிலிண்டரிற் தன் வேலையை முடித்துவிட்டது. பெயரிங்குகளை எண்ணெய் வடிகட்டி காக்கும். சிலிண்டரைக் காப்பது காற்று வடிகட்டியே.

இதனை நாம் ஒரு கமக்காரரிடத்தில் நேரிற் கண்டோம். அவர் தமது நான்கு சில்லு உழவு இயந்திரத்தின் எண்ணெயையும் எண்ணெய் வடிகட்டியையும் மணித்தியாலக் கணக்குத் தவறாது மாற்றி வந்தவர். கணக்கைக் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தார். ஆயினும் இரண்டு காலபோகம் கழிந்தபின் இயந்திரம் நீலப் புகை கக்கிற்று. எண்ணெய் குறைந்துகொண்டே போயிற்று. காலையிற் தொடங்குவது கடினமாயிற்று. காற்று வடிகட்டிக்கும் இயந்திரத்துக்கும் இடையிலுள்ள றப்பர்க் குழாயைக் கழற்றி உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம். துணியிற் செம்மண் படிந்து வந்தது. குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு சிறு வெடிப்பு. வடிகட்டியைச் சுற்றிச் சென்று அவ்வெடிப்பினூடாகவே புழுதி உட்புகுந்திருந்தது. சிலிண்டரைக் கடைந்து புதிய பிஸ்டன் வளையங்கள் பூட்ட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு வயலை விதைப்பதற்கு அவர் கூலிக்கு இயந்திரம் பிடித்தார். குற்றம் அவருடைய அசட்டையன்று. ஒரு காவலாளி வாயிலில் விழித்திருக்க, மறுபக்கத்து வேலி திறந்து கிடந்தது.

ஆகவே பின்வருவனவற்றை வழக்கமாகச் செய்க:

எண்ணெய் நிரப்பிய காற்று வடிகட்டியாயின், புழுதி வேலைக் காலத்தில் நாடோறும் கிண்ணத்தைக் கழற்றிப் பார்க்க. அடியிற் சேறு படிந்திருந்தாலும் எண்ணெய் தடித்திருந்தாலும் ஊற்றிவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, குறித்த கோடு வரை புதிய எண்ணெய் இடுக. கோட்டுக்கு மேல் இடற்க. மிகுந்த எண்ணெயை இயந்திரம் உறிஞ்சிக் கட்டுக்கடங்காது ஓடவுங் கூடும்.

கடதாசிக் காற்று வடிகட்டியாயின், அதனைப் பெற்றோலில் கழுவற்க, கல்லில் அடிக்கற்க. மெல்லிய காற்றினால் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊதுக. பின் உள்ளே ஒரு விளக்கைப் பிடித்துப் பார்க்க. எங்கேனும் ஓட்டை வழியே ஒளிப்புள்ளி தெரிந்தால் எறிந்துவிடுக. வேண்டாத போதெல்லாம் கழற்றிப் பூட்டுவதும் நன்றன்று. கழற்றும் ஒவ்வொரு முறையும் சிறிது புழுதி உள்ளே உதிரும்.

நுரைப்பஞ்சு வடிகட்டியாயின், சவர்க்கார நீரிற் கழுவி, நன்றாக உலரவிட்டு, சிறிது எண்ணெய் தோய்த்துப் பிழிந்து பூட்டுக.

றப்பர்க் குழாயையும் அதன் வளையப் பூட்டுகளையும் போகத்துக்கு ஒருமுறையேனும் சோதிக்க. வெள்ளைத் துணிச் சோதனை செலவில்லாதது.

வடிகட்டியில்லாத இயந்திரங்கள்

தோட்டக்காரர் பலர் வைத்திருக்கும் சிறிய பெற்றோல் இறைப்பு இயந்திரங்களில் எண்ணெய் வடிகட்டியே கிடையாது. எண்ணெய்ப் பம்பியுங் கிடையாது. உள்ளே ஒரு சிறு கரண்டி எண்ணெயை அள்ளி எங்கும் தெறிக்கும். இரு சில்லு உழவு இயந்திரங்கள் சிலவற்றிற் கடதாசி வடிகட்டிக்குப் பதிலாகக் கம்பிவலை மாத்திரமே உண்டு. கம்பிவலை பெரிய உதிரிகளையே தடுக்கும். நுண்ணிய துகளைத் தடுக்காது.

இவ்வகை இயந்திரங்களிற் துகளை வெளியேற்றும் வழி ஒன்றே: எண்ணெயை உரிய காலத்தில் ஊற்றிவிடுதல். இங்கே எண்ணெய் மாற்றுவதுதான் வடிகட்டி. எடுத்துக்காட்டாக, பலரிடமுள்ள ஹொண்டா ஜீ.எக்ஸ். 160 இயந்திரத்துக்குச் செய்தோர் கூறியிருப்பது, புதிதாக வாங்கியபின் முதல் மாற்றம் ஒரு மாதத்தில் அல்லது 20 மணித்தியாலத்தில். அதன்பின் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்பதாகும். இரண்டில் எது முந்துகின்றதோ அதுவே கணக்கு. அதற்கு வேண்டிய எண்ணெய் ஏறக்குறைய 0.6 லீற்றர் மாத்திரமே.

முதல் மாற்றத்தை ஏன் இவ்வளவு விரைவிற் செய்ய வேண்டும்? புதிய இயந்திரத்தின் பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் காலத்தில் உலோகத் தூள் மிகுதியாக உதிரும். அதனை உள்ளே விட்டு வைத்தால் அதுவே அரமாகிவிடும்.

இறைப்பு இயந்திரத்தில் மணித்தியாலம் காட்டும் கருவி இராது. கணக்கை நீங்களே வைத்திருத்தல் வேண்டும். கிழமைக்கு இருமுறை, முறைக்கு 4 மணித்தியாலம் இறைத்தால் கிழமைக்கு 8 மணித்தியாலம் ஆகும். பன்னிரண்டரைக் கிழமையில் 100 மணித்தியாலம் நிறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வெங்காயப் போகமும் நடுமுன் எண்ணெயை மாற்றுவது என வைத்துக்கொண்டால் கணக்கு எளிதாகும். மாற்றிய திகதியைக் கிணற்றடிக் கொட்டிலின் சுவரில் எழுதி வைக்க.

எண்ணெயும் வடிகட்டியும் மாற்றும் முறை

1. இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துக. சூடான எண்ணெய் அழுக்கைத் தன்னோடு கொண்டு வெளியேறும். கை சுடாதவாறு கவனிக்க.

2. சுற்றியுள்ள புழுதியைத் துடைத்தபின்னரே அடைப்பாணியைக் கழற்றுக. எண்ணெய் முற்றாக வடியும்வரை பொறுத்திருக்க.

3. பழைய வடிகட்டியைக் கழற்றுக. அதன் றப்பர் வளையம் இயந்திரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றதா எனப் பார்க்க. பழைய வளையத்தின்மேற் புதியதைப் பூட்டினால் எண்ணெய் முழுவதும் வெளியே பீறிடும்.

4. புதிய வடிகட்டியின் றப்பர் வளையத்திற் புதிய எண்ணெயை விரலாற் பூசுக. கையாற் சுற்றிப் பூட்டுக. றப்பர் தொட்டபின் முக்காற் சுற்றளவு இறுக்கினாற் பெரும்பாலும் போதும். சாவியிட்டு இறுக்கற்க.

5. அடைப்பாணியைப் பூட்டி, கைநூலிற் குறித்த வகை எண்ணெயைத் துப்புரவான புனலினால் இடுக. புழுதி படிந்த புனலால் இட்டால் வடிகட்டி மாற்றியதன் பயன் அன்றே போய்விடும்.

6. வேகங் கூட்டாது சில நிமிடம் ஓட்டுக. எண்ணெய் விளக்கு அணைந்ததா, எங்கேனும் கசிகின்றதா எனப் பார்க்க. நிறுத்திச் சில நிமிடம் சென்றபின் மட்டத்தை அளந்து, குறைந்திருந்தால் நிரப்புக.

கழற்றிய வடிகட்டியை உடனே எறிந்துவிடாதீர்கள். அது உள்ளே நடந்தவற்றுக்குச் சாட்சி. தகரத்தை வெட்டி, கடதாசியை விரித்து, வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க. கரி மாத்திரம் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. மினுங்கும் உலோகத் துகள் மிகுந்திருந்தால் பெயரிங் தேய்கின்றது. விரலிடையிற் தேய்க்கும்போது மணல் நறநறத்தால் காற்று வடிகட்டியிற் குறை உண்டு. இயந்திரம் நிற்குமுன்னரே இவ்வாறு அறிந்துகொண்டால் திருத்தச் செலவு பெரிதுங் குறையும்.

வாங்கும்போது கவனிக்க

எல்லா வடிகட்டியும் வெளியிற் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு உள்ளே உள்ளது. சிலவற்றிற் கடதாசி குறைவு. சிலவற்றில் ஒட்டு விட்டுப் போகும். சிலவற்றில் வால்வு சரியாக மூடாது. வால்வு மூடாத வடிகட்டியில் எண்ணெய் வடிபடாமலே எந்நேரமும் சுற்றிச் செல்லும். எனவே மிக மலிவானதை, அதிலும் பெயர் மங்கலாக அச்சிட்ட பெட்டியில் வருவதை, வாங்காதிருத்தல் நன்று. கைநூலிலுள்ள இலக்கத்தை எழுதிக்கொண்டு சென்று, நம்பிக்கையான கடையிற் பற்றுச்சீட்டோடு வாங்குக. புரி பொருந்துகின்றது என்பதனால் மாத்திரம் வேறோர் இயந்திரத்தின் வடிகட்டியைப் பூட்டற்க.

மறுபுறம், நல்ல வடிகட்டியைக் குறித்த காலத்துக்கு முன்னரே அடிக்கடி மாற்றுவதாலும் பெரும் பயனில்லை. அந்தக் காசைக் காற்று வடிகட்டிக்குச் செலவிடுக.

பழைய எண்ணெயை எங்கே ஊற்றுவது?

கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஒருபோதும் ஊற்றற்க. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தின் கீழுள்ளது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளினூடாக மேலே ஊற்றியது நிலத்தடி நீரை எளிதில் அடையும். நாம் குடிப்பதும் அந்நீரே. பயிருக்கு இறைப்பதும் அந்நீரே. பழைய எண்ணெயை மூடியுள்ள கலனிற் சேர்த்து, அதனை எடுக்கும் கராச்சில் ஒப்படைக்க. பழைய வடிகட்டியையும் தலைகீழாக வைத்து எண்ணெய் வடியவிட்டு அவ்வாறே கொடுக்க.

முடிவுரை

எண்ணெய் வடிகட்டி ஒரு நல்ல காவலாளி. உள்ளே வந்துவிட்ட துகள் பெயரிங்கை அடையாதவாறு அது காக்கும். ஆனால் அது புழுதியை வாயிலிலே மறிப்பதுமில்லை. பழைய எண்ணெயைப் புதிதாக்குவதுமில்லை. ஆகவே முதலிற் காற்று வடிகட்டியையும் அதன் குழாயையும் பார்க்க. இரண்டாவதாக எண்ணெயை மணித்தியாலக் கணக்குப்படி மாற்றுக. மூன்றாவதாக, மாற்றும்போது குறித்த வகை வடிகட்டியைத் துப்புரவாகப் பூட்டுக. மூன்றையும் ஒருங்கே செய்யும் கமக்காரரின் இயந்திரம் பல போகம் உழைக்கும். ஒன்றை விட்டு மற்றதைச் செய்தால் அரைக் காவலே கிடைக்கும்.

அடுத்த போகம் தொடங்குமுன் ஒரு காலைப் பொழுதை இதற்காக ஒதுக்குக. ஐயமேதும் இருப்பின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறிக.